இலவசப் பாங்காக் பயணமும் பூட்டிய இரண்டு பெட்டிகளும்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு 28 வயது. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டுகள் ஒரே அறையில் தங்கியிருந்த தோழியுடன் ஒருமுறையாவது பாங்காக் போய்வர வேண்டும் என்பது இருவரின் நெடுநாள் ஆசை. அண்மையில் வேலையை இழந்து கடனில் இருக்கும் அந்தத் தோழி, இப்போது ஒரு வழி கிடைத்திருப்பதாகச் சொல்கிறார். தோழியின் உறவினருக்குத் தெரிந்த “அண்ணன்” ஒருவர் இருவருக்கும் விமானச் சீட்டும், பிரதுநாம் பகுதியில் ஐந்து இரவுகளுக்கு ஹோட்டல் அறையும் எடுத்துத் தருவாராம். திரும்பும்போது ஆளுக்கு ஒரு பெட்டியை அங்கே ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார். உள்ளே நொறுக்குத் தீனியும் அழகுசாதனப் பொருட்களும் இருக்கும். கோலாலம்பூர் வழியாகச் சென்னை வந்து, விமான நிலையத்துக்கு வெளியே காத்திருப்பவரிடம் பெட்டிகளை ஒப்படைத்தால் தலைக்கு 20,000 ரூபாய். வாசகி தன் பாஸ்போர்ட் நகலை அனுப்பிவிட்டார். கைச்செலவுக்கென்று 5,000 ரூபாயும் அவர் கணக்குக்கு வந்துவிட்டது. “உள்ளே கஞ்சா இருந்தால்?” என்று தோழியிடம் வாட்ஸ்அப்பில் கேட்டபோது, “அங்கே அது சட்டப்படி சரிதான், 20 கிலோவுக்குக் கீழே என்றால் உடனே ஜாமீன் கிடைத்துவிடும்” என்று பதில் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் சிங்கப்பூருக்குப் போய்வந்துகொண்டிருந்த தாய்மாமாவோ, பிடித்தால் அபராதம் கட்டினால் போதும் என்கிறார். பெட்டியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் கொண்டுவந்தால் நான் எப்படிக் குற்றவாளி ஆவேன், இரண்டு பெட்டிகளையும் தோழியே தன் பெயரில் கொண்டுவந்தால் நான் உடன் போகலாமா, தோழியை இழக்காமல் விலக வழி உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

பாஸ்போர்ட் நகலை அனுப்பிய பிறகாவது நின்று யோசித்து எழுதினீர்களே, அதற்காக மகிழ்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்த ஏற்பாட்டில் நீங்கள் போகக் கூடாது, உங்கள் தோழியும் போகக் கூடாது. பாங்காக் போவதை நான் தடுக்கவில்லை. அந்தப் பெட்டிகளுக்காகப் போவதைத்தான் தடுக்கிறேன். ஐந்து இரவு ஹோட்டல், இரண்டு பேருக்குப் போகவர விமானச் சீட்டு, அதற்கு மேல் 40,000 ரூபாய் ரொக்கம் என்று ஒருவர் செலவழித்துக் கொண்டுவரச் சொல்லும் பொருள் நொறுக்குத் தீனியாக இருக்க முடியாது என்பதைக் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் உங்களுக்கு நான் கூட்டிக் காட்ட வேண்டியதில்லை.

குருவிகளின் காலம் வேறு

உங்கள் மாமா சொல்வது முழுப் பொய் அல்ல. அவர் தன் காலத்து அனுபவத்திலிருந்து பேசுகிறார். சிங்கப்பூரிலிருந்து கேமராவும் வாசனைத் திரவியமும் சட்டைத் துணியும் கொண்டுவந்து பர்மா பஜார் கடைகளுக்குக் கொடுத்தவர்களை நம் ஊரில் குருவிகள் என்றோம். அவர்கள் மீறியது சுங்க வரி தொடர்பான சட்டத்தை. அதில், தடைசெய்யப்படாத பொருள் என்றால் வரியையும் அபராதத்தையும் கட்டி மீட்டுக்கொள்ளும் வழி உண்டு, இன்றும் உண்டு. கஞ்சாவுக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் பொருந்துகிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சாவுக்குப் பணம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் ஏற்பாடு அந்தச் சட்டத்தில் கிடையாது. கைது, சிறப்பு நீதிமன்றம், சிறை என்றுதான் அது நகரும்.

இப்போது பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரிகள் அடிக்கடிப் பிடிப்பது ‘ஹைட்ரோபோனிக்’ கஞ்சா எனப்படும், மண்ணில்லாமல் சத்து நீரில் வளர்த்தெடுத்த கஞ்சாப் பூ. உணவுப் பொட்டலங்களுக்குள் காற்றுப் புகாமல் அடைத்து அனுப்புகிறார்கள். எப்படி வளர்த்தார்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. கஞ்சாச் செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி என்றால் அது கஞ்சாதான். அதுவும் இல்லையென்றால் வேறு ஏதாவது இருக்கக்கூடும். பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் உயிருள்ள பாம்புகளும் ஆமைகளும் குரங்குக் குட்டிகளும்கூட இதே விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கின்றன.

“அங்கே சட்டப்படி சரிதானே?”

தோழி சொன்னதில் பாதி பழைய செய்தி. மீதி தவறான செய்தி. தாய்லாந்து அரசு 2022 ஜூன் 9 அன்று கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மை. அதன் பிறகு பாங்காக்கின் சுகும்வித், காவ் சான் சாலை போன்ற இடங்களில் பச்சை இலைப் பலகையோடு கடைகள் பெருகின. ஆனால் 2025 ஜூன் மாதம் வந்த அரசாணைப்படி, மருத்துவக் காரணத்துக்காக எழுதித்தந்த சீட்டு இருந்தால்தான் கஞ்சாப் பூவை விற்கலாம். அந்நாட்டிலிருந்து வெளியே அனுப்ப உரிமம் வேண்டும். சுற்றுலாப் பயணி பெட்டியில் போட்டு எடுத்துவருவதற்கு எந்தக் காலத்திலும் அனுமதி இருந்ததில்லை. இதெல்லாம் எப்படி இருந்தாலும் இந்திய மண்ணில் இறங்கும் நொடியில் உங்களுக்குப் பொருந்துவது இந்தியச் சட்டம். ஒரு பொருளை விற்கும் நாட்டின் சட்டம் அதை வாங்கிவரும் நாட்டில் உங்களைக் காப்பாற்றாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த “கோலாலம்பூர் வழியாக” என்ற சொல். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி 200 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே ஒருவர் கடத்தல்காரர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். கடத்தலுக்கு மரண தண்டனை கட்டாயம் என்ற நிலையை 2023இல் மாற்றினார்கள். ஆனால் மரண தண்டனை ஒழிக்கப்படவில்லை, நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறது. அது இல்லையென்றால் மிக நீண்ட சிறை. இரண்டு தனித்தனிச் சீட்டுகளாக எடுத்த மலிவுப் பயணம் என்றால், கோலாலம்பூரில் நீங்களே பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடியும் போட வேண்டியிருக்கும். அதாவது மலேசியச் சுங்கத்தைப் பெட்டியோடு கடக்க வேண்டும். இந்த வழியைத் தேர்ந்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. உங்களுக்கு நேரக்கூடியதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை என்பதுதான் இதிலிருந்து எனக்குப் புரிகிறது.

“எனக்குத் தெரியாது” என்பது எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

சாதாரணக் குற்ற வழக்கில் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதும் அரசுத் தரப்பின் தலையில்தான் இருக்கும். போதைப்பொருள் சட்டம் இங்கே வேறு விதமாக நடக்கிறது. பொருள் உங்கள் வசம் இருந்தது என்பதை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும். நிறுவிவிட்டால், அது என்னவென்று அறிந்தே நீங்கள் வைத்திருந்தீர்கள் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள 35ஆவது, 54ஆவது பிரிவுகள் இடம் தருகின்றன. அறியவில்லை என்பதை நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். அதுவும் ஐயத்துக்கு இடமில்லாமல். விமான நிலையத்தில் பெட்டியைப் போடும்போது ஒட்டுகிற சீட்டில் உங்கள் பெயர் இருக்கும், அதன் துண்டு உங்கள் கையில் இருக்கும், “இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?” என்று கேட்டால் ஆம் என்று சொல்லியிருப்பீர்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு நீதிபதி உங்களை நம்புவதற்கு என்ன மிச்சமிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் அறியாதவர் அல்ல. “உள்ளே கஞ்சா இருந்தால்?” என்று நீங்கள் கேட்ட செய்தியும் தோழியின் பதிலும் இரண்டு கைப்பேசிகளிலும் இருக்கின்றன. சந்தேகம் வந்த பிறகு பெட்டியைத் திறந்து பார்க்காமல் இருப்பதை அறியாமை என்று எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்காது. பூட்டிய பெட்டியை வாங்கிக்கொண்டு, சாவியை வேண்டுமென்றே கேட்காமல் இருப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது அவர்களுக்கு எதிரான சான்றாகவே பயன்படுகிறது. “பிஸ்கட் என்றுதான் சொன்னார்கள்” என்று அழுதுகொண்டே சொன்ன இளைஞர்களின் தாய்மார்களோடு புழல் சிறை வாசலில் நான் நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் சொன்னது உண்மை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதற்குள் வாழ்க்கையின் நல்ல ஆண்டுகள் போய்விட்டன.

அந்த 20 கிலோ கணக்கு

கஞ்சாவைப் பொறுத்தவரை போதைப்பொருள் சட்டத்தின் கணக்கு இது: ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். 37ஆவது பிரிவின்படி, இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே விட்டால் குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிபதிக்குத் தோன்றினாலொழிய ஜாமீன் கிடையாது. இடைப்பட்ட அளவுக்கு அந்தக் கடும் நிபந்தனை இல்லை என்பது மட்டுமே தோழி சொன்னதில் உள்ள உண்மை. அதற்கும் தண்டனை 10 ஆண்டு கடுங்காவல் வரை போகலாம். அது மட்டுமல்ல, ஒரே ஆள் எடுத்த சீட்டில், ஒரே விமானத்தில், ஒரே இடத்தில் ஒப்படைக்க இருவர் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளை ஒரே சதியின் சரக்காகச் சேர்த்து நிறுக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதிடும். ஆளுக்கு ஒரு பெட்டி என்று பிரித்துக் கொடுப்பவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

தோழி மட்டும் பெட்டியைக் கொண்டுவந்தால்?

உடன் பயணம் செய்தார் என்பதற்காகவே ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியாது. இதில் உங்கள் எண்ணம் சரி. ஆனால் உங்கள் நிலைமை வெறும் உடன்பயணம் அல்ல. உங்கள் சீட்டுக்கும் பணம் கொடுத்தது அதே ஆள். 5,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. பெட்டிகள் எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும். உடந்தையையும் சதியையும் பற்றிப் பேசும் 29ஆவது பிரிவு, பெட்டியைத் தூக்கியவருக்கு உள்ள அதே தண்டனையை உடந்தையாக இருந்தவருக்கும் வைக்கிறது. ஒரே காரில் போனவர்களிடம் சரஸ் எனப்படும் கஞ்சாப் பிசின் பிடிபட்ட மதன் லால் வழக்கில், காரில் இருந்தவர்கள் எல்லோருமே அறிந்து வைத்திருந்தவர்கள்தான் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. தோழி தன் பெயரில் இரண்டு பெட்டிகளையும் போடுவதாகச் சொல்வது உங்கள் மீதுள்ள அன்பினால்தான் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பு அவருடைய சுமையை இரட்டிப்பாக்குமே ஒழிய உங்களை விடுவிக்காது.

இப்போது உடனே செய்ய வேண்டியவை

இதுவரை நீங்கள் செய்தது எதுவும் என் பார்வையில் குற்றம் ஆகவில்லை. எழுத்தில் தெளிவாக விலகிவிட்டால் உங்கள் நிலை இன்னும் பாதுகாப்பாகும். 5,000 ரூபாயை எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு வங்கி வழியாகவே திருப்பி அனுப்புங்கள். ரொக்கமாக யாரிடமும் கொடுக்காதீர்கள். “பயணத்திலிருந்து விலகுகிறேன், பிறர் பெட்டி எதையும் கொண்டுவர எனக்குச் சம்மதமில்லை, என் பெயரில் எடுத்த சீட்டை ரத்து செய்யுங்கள்” என்று அந்த “அண்ணனுக்கு” ஒரு செய்தி அனுப்புங்கள். வேறு விளக்கம் எதுவும் வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். அச்சத்தில் பழைய உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். நாளை யாராவது உங்கள் பெயரை இழுத்தால், நீங்கள் கேட்டதும் மறுத்ததும் அவற்றில்தான் இருக்கின்றன.

பாஸ்போர்ட் நகல் அந்த “அண்ணனிடம்” இருப்பதை வைத்து மிரட்டுவாரோ என்று பயப்படுகிறீர்கள். நகலை வைத்து உங்களை விமானத்தில் ஏற்ற முடியாது. மிரட்டினால் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆவது பிரிவின் கீழ்த் தனிக் குற்றம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இந்த ஆளைப் பற்றித் தகவல் கொடுக்க விரும்பினால் 2024இல் தொடங்கப்பட்ட தேசிய போதைப்பொருள் உதவி எண் 1933 இருக்கிறது. பெயரைச் சொல்லாமலும் பேசலாம். அதைச் செய்யுங்கள் என்று வற்புறுத்த மாட்டேன். ஆனால் உங்களுக்குப் பதிலாக இன்னொரு பெண்ணை அவர் இந்நேரம் தேடத் தொடங்கியிருப்பார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தோழி கேட்காமல் போய்விட்டால், அல்லது எப்போதேனும் உங்களில் ஒருவர் தடுத்துவைக்கப்பட்டால், தெரிந்திருக்க வேண்டிய உரிமைகள் சில உண்டு. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம். பெண்ணின் உடலைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கும் உரிமை உடல் சோதனைக்கு உண்டு. ஆனால் கையிலுள்ள பெட்டிக்கும் அது பொருந்தும் என்று பலர் தவறாக நம்புகிறார்கள், பொருந்தாது. விசாரணை அதிகாரி போதைப்பொருள் சட்டத்தின் 67ஆவது பிரிவின் கீழ் எழுதி வாங்கும் வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகப் பயன்படுத்த முடியாது என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்களுக்கும் காவலில் இருப்போருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. இவை எல்லாம் விழுந்த பிறகு தாங்கும் வலைகள் என்பதால்தான் கடைசியில் சொல்கிறேன்.

தோழியிடம் எப்படிச் சொல்வது?

கைப்பேசியில் சொல்லாதீர்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள். “நான் வரவில்லை” என்று மட்டும் சொன்னால், பயந்து பின்வாங்குகிறாள் என்று நினைத்துத் தனியாகக் கிளம்பிவிடுவார். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவரை இதில் தள்ளுவது பாங்காக் ஆசையை விடக் கடன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி என்று இருவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். கடன் கொடுத்தவரோடு தவணை பேசுவதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரச முகாமும் உதவும். வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தாலே 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட்டை முடக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். வேலை தேடும் ஒருவருக்கு 20,000 ரூபாய்க்காக அந்த விலை கொடுக்க முடியாது. அவர் கோபிக்கலாம், சில மாதங்கள் பேசாமலும் இருக்கலாம். அதை நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பாங்காக் போகும் ஆசையை நீங்கள் விட்டுவிட வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே மழை குறைந்த இதமான காலம். உங்கள் பெயரில், உங்கள் பணத்தில், சென்னையிலிருந்து நேராகப் போகும் விமானத்தில் சீட்டு எடுங்கள். தாய்லாந்துக் குடிவரவுத் துறை 2025 மே முதல் கேட்கும் மின்னணு வருகைப் படிவம் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் இணையத்தளங்களை நம்ப வேண்டாம். சாவ் ப்ரயா ஆற்றுப் படகில் ஏறினால் வாட் அருண் கோபுரத்தையும், 46 மீட்டர் நீளத்தில் புத்தர் சயனித்திருக்கும் வாட் போ கோயிலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு மாலையில் போங்கள். இலைப் படம் போட்ட மிட்டாய்களையும் பிஸ்கட்டுகளையும் நினைவுப் பொருள் என்று ஒரு பொட்டலம்கூட வாங்கி வராதீர்கள். மின் சிகரெட் இரு நாடுகளிலும் தடைசெய்யப்பட்டது. அங்கே தொல்லை ஏதும் வந்தால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. அடுத்ததாக இந்தியத் தூதரகம். புறப்படும் நாளன்று உங்கள் பெட்டியை ஹோட்டல் அறையில் நீங்களே அடுக்குங்கள். ஊருக்குக் கொடுத்துவிடச் சொல்லி யார் எதைத் தந்தாலும், தெரிந்த தமிழராகவே இருந்தாலும், மன்னிப்புக் கேட்டு மறுத்துவிடுங்கள். பூட்டிய பிறகு சாவி உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.